அங்க அடையாளங்கள்

கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஆள்சேர்ப்புக்கும் என்ன உறவு இருக்க முடியும் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். உறவு உண்டு, அதுவும் ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டே வருகிற உறவு. பகுதி ஒன்று தமிழ்ப்பாடத்தை வணிகவியல் மாணவர்களும் இயற்பியல் மாணவர்களும் கணினி மாணவர்களும் என்னிடம்தான் படிக்கிறார்கள். தங்கள் துறைப் பேராசிரியர்களின் பெயர்களை மறந்துவிட்டவர்களுக்கும் தமிழ் வாத்தியாரின் பெயர் நினைவில் இருக்கிறது. எனவே வேலைக்கு மனுப்போடும்போது, 'உங்களை அறிந்த இருவர்' என்ற கட்டத்தில் என் பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதிவிடுகிறார்கள். சிலர் முன்கூட்டிச் சொல்வார்கள். பலர் சொல்வதில்லை. திடீரென்று ஒரு நாள் ஹைதராபாத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒரு குரல் அழைத்து, இன்னாரை எனக்குத் தெரியுமா என்று கேட்கும்.

இதற்குப் பின்னணிச் சரிபார்ப்பு என்று பெயர். வெளிநாட்டுக் கம்பெனி நேரடியாக எதையும் விசாரிப்பதில்லை. அதற்கென்றே ஏஜென்சிகள் இருக்கின்றன. விண்ணப்பித்தவரிடம் ஓர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடையாளம், முகவரி, படிப்பு, முன்பு பார்த்த வேலை, நீதிமன்ற வழக்குகள், போலீஸ் பதிவு என்று ஒவ்வொன்றாகத் துருவுவார்கள். பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் கட்டிப் பட்டத்தின் உண்மைத்தன்மையைக் கேட்பார்கள். வீட்டு முகவரிக்கு ஆள் வந்து கதவைப் படம் எடுத்துப் போவதும் உண்டு. முடிவில் ஓர் அறிக்கை தயாராகும். ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம். சாலைச் சந்திப்பு விளக்கைப் போலத்தான். ஆனால் இங்கே மஞ்சள் எரிந்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை யாரும் சொல்வதில்லை.

என்னிடம் பேசிய பெண்குரல் ஒன்று இன்னும் நினைவிருக்கிறது. மிகுந்த மரியாதையோடு, எழுதிவைத்த கேள்விகளை வரிசையாகப் படித்தது. "சார், எவ்வளவு காலமாக இவரைத் தெரியும்? இவருடைய நேர்மையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?" ஐந்துக்கு மதிப்பெண் தந்தேன். கடைசிக் கேள்வி: "வாய்ப்புக் கிடைத்தால் இவரை மறுபடியும் பணிக்கு எடுத்துக்கொள்வீர்களா?" அம்மா, அவன் என் மாணவன், ஊழியன் அல்லன், மூன்றாண்டு படித்துத் தேறிப் போய்விட்டான், மறுபடி எடுத்துக்கொண்டால் அவனுக்குத்தான் துன்பம் என்று சொன்னேன். மறுமுனையில் சிறு சிரிப்பு. பிறகு, "ஆம், இல்லை இரண்டில் ஒன்றுதான் சார் போட முடியும்" என்றது குரல். 'ஆம்' போடச் சொன்னேன்.

ஆளை ஆராய்ந்து எடுப்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஒன்றும் 'தெரிந்து வினையாடல்' என்று ஒன்றுமாக இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து இதற்கு ஒதுக்கியிருக்கிறார். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கினாலும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார். பரிமேலழகர் அந்நான்கு சோதனைகளையும் எப்படி நடத்த வேண்டும் என்றே விரித்துவிடுகிறார். புரோகிதர்களையும் படைத்தலைவர்களையும் ஏவிப் பொய்யான சதிக்கு அழைப்பு விடுக்கச் செய்யும் அந்த உரையைப் படித்தால் இன்றைய ஏஜென்சிகள் பச்சைக் குழந்தைகள் என்றே தோன்றும். ஆனால் அதே அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மன்னனுக்கும் ஒரு கட்டுப்பாடு வைக்கிறார். ஆராயாமல் நம்புவது எவ்வளவு தொல்லையோ, நம்பி ஏற்றபின் ஐயப்படுவதும் அவ்வளவு தொல்லை என்கிறார். இந்த இரண்டாவது பாதியைத்தான் ஆள்சேர்ப்போர் படிக்கவில்லை.

ஏனென்றால் நடைமுறை இப்படி இருக்கிறது: முதலில் வேலை உத்தரவு வரும். சேரவேண்டிய நாள் குறிக்கப்படும். அதை நம்பி, கையிலிருக்கும் வேலையை விட்டு விலகும் கடிதத்தை இவன் கொடுப்பான். பிறகுதான் சரிபார்ப்பு தொடங்கும். உத்தரவின் அடியில், 'சரிபார்ப்பின் முடிவுக்கு உட்பட்டது' என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். 

என் மாணவன் ஒருவனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். முத்தியால்பேட்டைப் பையன், பி.காம். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். வளைகுடா நாடு ஒன்றில் ஓர் ஐரோப்பியக் கம்பெனியின் கிளையில் வேலை கிடைத்தது. இங்கே விலகல் கடிதம் கொடுத்துவிட்டான். சரிபார்ப்பு அறிக்கை மஞ்சளாக வந்தது. குற்றம் என்ன? அவனுடைய தந்தையின் பெயர் இரண்டு விதமாக இருந்தது.

இதைப் புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரே தமிழ்ப் பெயருக்கு ரோமன் எழுத்தில் இரண்டு உருவங்கள் உண்டு. ஒன்று பிரெஞ்சுக்காரர் செவியால் கேட்டு எழுதியது, மற்றது ஆங்கிலேயர் செவியால் கேட்டு எழுதியது. உகரத்துக்கு ஆங்கிலத்தில் 'யூ' என்ற ஓர் எழுத்துப் போதும். பிரெஞ்சில் 'ஓ', 'யூ' என்று இரண்டு எழுத்து வேண்டும். ஜகரத்துக்கு முன்னால் ஒரு 'டி' வந்து நிற்கும். பிள்ளை 'புல்லே' ஆவார். கிருஷ்ணசாமி 'கிஷெனசாமி' ஆவார். (இப்படித்தான் மக்களும் உச்சரித்தார்கள் என்பதற்கு இந்த எழுத்துமுறையே சான்று. மொழியியல் மாணவர்கள் யாராவது பழைய பிறப்புப் பதிவேடுகளை வைத்து ஆய்வு செய்யலாம். பேச்சுத் தமிழின் நூற்றைம்பது ஆண்டு உச்சரிப்பு அங்கே படிந்து கிடக்கிறது.) மாணவனின் தந்தை 1967இல் பிறந்தவர். அதாவது ஆட்சி கைமாறி 13 ஆண்டு கழித்து. ஆனாலும் பதிவேட்டில் எழுதியவரின் கை பிரெஞ்சுக் கைதான். சுப்பராயன் என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் வேறு. பிரெஞ்சு முறையில் எழுதிய அந்தப் பெயரை ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் படித்தால் 'சூப்ராயென்' என்பார். அந்த எழுத்துக்கூட்டல்தான் தந்தையின் எல்லா ஆவணங்களிலும். அதிலிருந்து மகனின் பாஸ்போர்ட்டிலும். பள்ளியிலோ ஆசிரியர் தமக்குத் தெரிந்த ஆங்கில முறையில் சுப்பராயன் என்று எழுதினார். அது மதிப்பெண் பட்டியலுக்கும் பட்டத்துக்கும் சென்றது. 

இரண்டும் ஒரே பெயர் என்பது எங்கள் தெருவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஏஜென்சியின் கணினிக்குத் தெரியவில்லை. அதற்கு அவர்கள் இரண்டு வேறு தந்தைகள்.

இதனோடு நம் தலைப்பெழுத்துக் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம். சாதிப் பெயரைப் பின்னால் போடுவதை விட்டொழித்த பெருமை நமக்கு உண்டு. அந்தப் பெருமைக்கு விமான நிலையங்களில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் 'முதற்பெயர் தெரியாது' என்று பொருள்படும் மூன்று எழுத்துகளைப் பெயராகவே அச்சடித்துவிடுகிறார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. இதற்கெல்லாம் பயந்து தந்தையின் பெயரைக் குடும்பப்பெயராக எழுதிக்கொள்கிறோம். அதன்பின் அலுவலகத்தில் மகனை அப்பா பெயர் சொல்லி அழைக்கிறார்கள். முதல் ஆறு மாதம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றே இருந்தேன் சார் என்று பழைய மாணவர் ஒருவர் சொன்னார்.

நிற்க. அந்த மாணவன் நோட்டரியிடம் போய், இரு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கினான். அதுமட்டும் போதாது என்றார்கள். அரசிதழில் வெளியிட வேண்டும் என்றார் ஒருவர். தந்தையின் ஆவணங்களையே மாற்று என்றார் இன்னொருவர். கல்லூரியிலிருந்து நானும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் என்றால் என்ன, ஏன் அப்படி எழுதுகிறார்கள், இந்த ஊரில் எத்தனை ஆயிரம் பேருக்கு இப்படி இருக்கிறது என்று இரண்டு பக்கம். என் ஆய்வேட்டுக்குக்கூட அவ்வளவு கவனமாக ஆங்கிலம் எழுதியதில்லை. பதில் வரவில்லை. சேரவேண்டிய நாள் கடந்தது. வேறொருவரை எடுத்துக்கொண்டதாக ஓர் அஞ்சல் வந்தது. தொழிற்பேட்டை வேலையில் அதற்குள் வேறு ஆள் அமர்ந்துவிட்டார். எட்டு மாதம் வீட்டிலிருந்தான்.

இந்த ஊரின் கடற்கரையில் நின்றுகொண்டு இதை யோசிக்கும்போது, இங்கிருந்து ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிய பழைய கதை நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் 1743ஆம் ஆண்டுப் பகுதியில், ஆட்களை ஏமாற்றிப் பிடித்து அடைத்துவைத்து அடிமைகளாகக் கப்பலேற்றியவர்களைப் பற்றிய பதிவு இருக்கிறது. அது சரிபார்ப்பே இல்லாத காலம். அடுத்த நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் 1848 ஏப்ரலில் தங்கள் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ரீயூனியன் தீவுக்கு 1820களின் இறுதியிலிருந்தே நம் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். இப்போது அது பெருகியது. 1853இல் மர்த்தினிக்குக்கும் 1854 டிசம்பரில் குவாதலூப்புக்கும் முதல் கப்பல்கள் சேர்ந்தன. இரண்டு இடத்துக்கும் முதலில் போனது 'ஒரேலி' என்ற ஒரே கப்பல்தான். குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் போனார்கள். புதுச்சேரியும் காரைக்காலும் துறைமுகங்கள். ஆனால் ஆட்களில் பெரும்பகுதி சுற்றியிருந்த பிரிட்டிஷ் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அதனால் ஆங்கிலேயர் தலையிட்டார்கள். 1861 ஜூலை 1ஆம் நாள் இரு அரசுகளுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது.

அந்த உடன்படிக்கையின் விதிகளைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, கப்பலில் பெண்கள் இத்தனை பங்கு இருக்க வேண்டும். இவற்றோடு இன்னொன்று: கப்பலேறும் துறைமுகத்தில் பிரிட்டிஷ் அரசின் முகவர் ஒருவர் இருப்பார், போகிறவர் தம் விருப்பத்தோடுதான் போகிறாரா, எந்த இடத்துக்குப் போகிறோம், எவ்வளவு நாள் பயணம், என்ன ஒப்பந்தம் என்பதை முழுமையாக அறிந்திருக்கிறாரா என்று அவர் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அதாவது, வேலைக்குப் போகிறவனுக்கு வேலை தருபவனைப் பற்றித் தெரியுமா என்று கேட்பதற்கு ஓர் அதிகாரி.

இதை வைத்து அக்காலத்தைப் பொற்காலமாக்கிவிட வேண்டாம். தாளில் எழுதியது தாளிலேயே இருந்தது. தோட்டங்களில் நடந்த கொடுமைகள் காரணமாகத்தான் 1882இல் ரீயூனியனுக்கும் 1888இல் அந்தீல் தீவுகளுக்கும் ஆள் அனுப்புவதை ஆங்கில அரசு நிறுத்தியது. முகவர் கேட்கும் கேள்விக்குச் சொல்ல வேண்டிய பதிலைக் கங்காணி முன்பே சொல்லிக்கொடுத்திருப்பான். எந்தக் காலத்திலும் இது நடக்கும். ஆனாலும் அப்படி ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும் என்று அன்றைக்கு ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு வந்த அழைப்புகளில் ஒன்றில்கூட, "இந்தப் பையனுக்கு எங்கள் கம்பெனியைப் பற்றி என்ன தெரியும்?" என்று யாரும் கேட்டதில்லை.

சரிபார்ப்பு அப்போதும் இருந்தது, உடம்பின்மேல். சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்குப் போனவர்களின் பட்டியல்களில் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் என்று கட்டங்கள் உண்டு. கடைசியில் உடலிலுள்ள தழும்பும் மச்சமும். ஆள் ஓடிப்போனால் பிடிப்பதற்கு. நம் பள்ளிகளின் மாற்றுச் சான்றிதழில் 'அங்க அடையாளங்கள்' என்று இரண்டு வரி விட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பட்டியல்தான் கண்முன் வரும். 

பெயர்களும் அங்கேதான் உறைந்தன. கப்பலேறியவனுக்கு இருந்தது ஒற்றைப் பெயர். எழுத்தர் அதைப் பிரெஞ்சுச் செவியால் கேட்டு எழுதினார். அடுத்த தலைமுறையில் அது குடும்பப்பெயர் ஆயிற்று. குவாதலூப்பிலிருந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குப் போன எழுத்தாளர் எர்னெஸ்ட் முத்துசாமியின் பெயர் ஒரு முன்னோரின் தனிப்பெயராக இருந்ததுதான். ரீயூனியனின் அரசியல்வாதி விராபுல்லேயின் பெயரை உரக்கப் படித்தால் வீரப்பிள்ளை எழுந்து வருவார். குவாதலூப்பில் பிறந்த ஆன்றி சிதம்பரம், இந்தியத் தொழிலாளர்களின் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 1904இல் தொடங்கிய வழக்கு 1923 வரை இழுத்தது. மண்ணில் பிறந்து, அந்த மண்ணில் உழைத்து, அந்நாட்டு மொழி பேசிய ஒருவர் தாம் யார் என்பதைக் காட்ட 19 ஆண்டு. என் மாணவனின் எட்டு மாதத்தை இதனோடு ஒப்பிட்டு ஆறுதல் சொல்லலாம்தான். நான் சொல்லவில்லை. 

இங்கே ஊரில் இருந்தவர்கள் கதை வேறு. 1881 செப்டம்பரில் வந்த ஆணைப்படி, தம் சாதி மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்பட விரும்பியவர்கள், ஒரு குடும்பப்பெயரைத் தாமே தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' என்று வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் கதவு என்று பொருள். பெயர் என்பது எங்கே நுழையலாம், எங்கே நுழைய முடியாது என்பதைத் தீர்மானிக்கும் பொருள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என நான் கருதிக்கொள்கிறேன். அவர் அப்படி நினைத்தாரோ என்னவோ.

பிறகு 1962. கைமாற்ற உடன்படிக்கை அந்த ஆண்டு ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். படையில் பணியாற்றிய 'சொல்தா' குடும்பங்கள் அவற்றில் நிறைய. எங்கள் ஊரில் ஒரே முற்றத்தைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் உண்டு. அண்ணன் தாத்தா கையெழுத்துப் போட்டார், தம்பி தாத்தா போடவில்லை. அண்ணன் வழிப் பேரன் பாரீஸ் விமான நிலையத்தில் தன் நாட்டுக்குத் திரும்புகிறவனாக இறங்குகிறான். தம்பி வழிப் பேரனுக்கு விசா, போலீஸ் நற்சான்று, வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை எல்லாம் வேண்டும். (2005 ஜூலையிலிருந்து இந்தியா அந்த ஹேக் உடன்படிக்கையில் இருக்கிறது. அதற்கு முன்னால் தூதரகம் தூதரகமாக அலைய வேண்டும். இன்னும் சில நாடுகளுக்கு அலையத்தான் வேண்டும்.) அண்ணன் வழியிலும் துன்பம் இல்லாமல் இல்லை. வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக்காரர்களின் பதிவுகளை நாந்த் நகரத்தில் ஒரு மத்திய அலுவலகம் 1965இலிருந்து வைத்திருக்கிறது. திருமணமோ பிறப்போ அங்கே பதிவானால்தான் உண்டு. அங்கும் இதே எழுத்துக்கூட்டல் கேள்விதான். 'நாந்த்திலிருந்து கடிதம் வந்துவிட்டதா' என்பது எங்கள் ஊர்ச் சில தெருக்களில் மழை வந்துவிட்டதா என்பது போன்ற விசாரிப்பு.

நாந்த்தைப் பற்றி இன்னொரு செய்தி. பிரான்சின் குற்றப் பதிவேடும் அந்த ஊரில்தான் இருக்கிறது. அதில் மூன்றாம் எண் நகல் என்று ஒன்று. வேலை தருபவர்கள் பார்க்கக்கூடியது பெரும்பாலும் அதுதான். அதைச் சம்பந்தப்பட்டவர் மட்டுமே கேட்டு வாங்க முடியும், கம்பெனி நேரே வாங்க முடியாது. வேலைக்கு நேரடித் தொடர்பில்லாத எதையும் விண்ணப்பதாரரிடம் கேட்கக் கூடாது என்று அந்நாட்டுத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. அமெரிக்காவில் 1970இல் இயற்றிய சட்டம் ஒன்று, சரிபார்ப்பு அறிக்கையைக் காரணம் காட்டி ஒருவரை மறுக்கும் முன் அந்த அறிக்கையின் நகலை அவருக்குத் தரவேண்டும் என்கிறது; தவறிருந்தால் அவர் மறுத்துரைக்கலாம். என் மாணவனுக்கு அறிக்கை காட்டப்படவில்லை. மஞ்சள் என்ற செய்தி மட்டும் வந்தது. 

கம்பெனிகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. போலிப் பட்டங்கள் விலைக்குக் கிடைக்கும் நாட்டில் இருக்கிறோம். மருத்துவமனைக்குச் செவிலியரை எடுப்பவன் அவர் உண்மையிலேயே செவிலியரா என்று பார்க்காவிட்டால் அவனைத்தான் குற்றம் சொல்வோம். சிங்கப்பூர் 2023 செப்டம்பரிலிருந்து உயர்பணி அனுமதிக்கு விண்ணப்பிப்போரின் பட்டயம், பட்டம் எல்லாவற்றுக்கும் சரிபார்ப்புச் சான்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தமிழ் படித்தவர்கள் சிலம்பை மறந்துவிட்டுப் பேச முடியாது. வெளியூரிலிருந்து மதுரைக்குள் வந்த ஒருவனைப் பற்றிப் பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லை வைத்துத் தீர்ப்பளித்தான் பாண்டியன். சரிபார்ப்பு அதன்பிறகு நடந்தது, பரல்களைக் கொண்டு. அதே காப்பியத்தில் முறையான அறிமுகமும் இருக்கிறது. கவுந்தியடிகள் மாதரியிடம் கண்ணகியை ஒப்படைக்கும்போது, இவள் யார், எப்படிப்பட்டவள் என்று தாம் உடன்நடந்து கண்டதைச் சொல்கிறார். ஐந்துக்கு மதிப்பெண் தரவில்லை.

என் வருத்தம் சரிபார்ப்பது பற்றியது அன்று. ஒரு பக்கம் மட்டும் சரிபார்ப்பது பற்றியது. 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன நம் பையன்களை மியான்மருக்குக் கடத்திச் சென்று, இணையமோசடி செய்யும் கூடங்களில் அடைத்துவைத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபரில் தமிழகத்தைச் சேர்ந்த 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். அவர்களெல்லாம் படித்தவர்கள். நம் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி அயல்நாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் பதிவு பெற்றிருக்க வேண்டும். 30,000 ரூபாயும் வரியும் தவிர வாங்கக் கூடாது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் அரசின் அனுமதி வேண்டும், ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள். பத்தாம் வகுப்புத் தேறியவனை? அவனுக்கு எல்லாம் தெரியும் என்று சட்டம் கருதுகிறது. பட்டதாரிக்குக் கேட்கத் தெரியும் என்று நானும் கருதியிருக்கலாம், வகுப்பில் அவர்கள் கேள்வி கேட்கும் அழகைப் பார்த்திராவிட்டால்.

ஆகவே இப்போதெல்லாம் மூன்றாமாண்டு மாணவர்களுக்குக் கடிதம் எழுதும் பயிற்சி வரும்போது, 'வேலைவேண்டி விண்ணப்பம்' என்ற பழைய தலைப்பை முடித்துவிட்டு, 'வேலை தருபவருக்குச் சில வினாக்கள்' என்று ஒன்றும் எழுதச் சொல்கிறேன். பாடத்திட்டத்தில் இல்லாததுதான். முதலில் எல்லோரும் 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுவார்கள். ஏஜென்டின் பதிவு எண்ணை அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்ப்பது எப்படி என்றும் காட்டுகிறேன். அதோடு, வீட்டிலுள்ள எல்லா ஆவணங்களையும் ஒரு பாயில் பரப்பித் தந்தை பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு வரச் சொல்கிறேன். வகுப்பில் பாதிப் பேருக்கு இரண்டு தந்தைகள் இருக்கிறார்கள்.

அந்த முத்தியால்பேட்டைப் பையனுக்கு அடுத்த ஆண்டு வேறொரு வேலை வந்தது, வளைகுடாவிலேயே. உத்தரவை எடுத்துக்கொண்டு துறைக்கு வந்தான். இருவரும் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். சரிபார்ப்பு முடிந்தபிறகே இங்கு விலகுவேன், சம்மதமா? அங்கே வந்தபின் என் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும்? இந்தப் பணியில் எனக்கு முன்னிருந்தவர் ஏன் போனார்? மூன்று வினாக்கள். மூன்றாவது வேண்டாம் சார், கோபித்துக்கொள்வார்கள் என்றான். இருக்கட்டும் என்றேன். நான்கு நாளில் பதில் வந்தது. முதலாவதற்குச் சம்மதம். பாஸ்போர்ட் உங்களிடமே இருக்கும் என்று ஒரு வரி. மூன்றாவதைப் பற்றி ஒன்றும் இல்லை. 

சரிபார்ப்புக்கு இம்முறை உறுதிமொழிப் பத்திரம், அரசிதழ் நகல், என்னுடைய இரண்டு பக்கக் கடிதம் எல்லாவற்றையும் முதலிலேயே சேர்த்து அனுப்பினான். பச்சையாக வந்தது. புறப்படும் முன் அவன் அப்பா எல்லாக் காகிதங்களையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு என்னிடம் காட்ட வந்தார். "சரியா இருக்கான்னு ஒருதரம் பாத்துடுங்க வாத்தியாரே" என்றார். பார்த்துக்கொண்டே வந்தேன். பள்ளி மாற்றுச் சான்றிதழில், இடது முழங்கையில் ஒரு மச்சம் என்று எழுதியிருந்தது. பையனைக் கையைத் திருப்பச் சொன்னேன். அங்கே மச்சம் எதுவும் இல்லை. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே மதியத்தில் எழுத வேண்டிய அந்த ஆசிரியர் என்ன செய்வார் பாவம். முழங்கைதான் எல்லோருக்கும் இருக்கிறதே. உறையை மூடிக் கொடுத்தேன்.